சனிக்கிழமை அணைகிற நெருப்பு

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் சமையலறையைப் பார்ப்பார்கள், பிறகு பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். மயில்சாமி நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினான். அங்கே இடுப்புக்குக் கொஞ்சம் மேலான உயரத்தில், இரண்டு இரும்புக் கதவுகளோடு நின்றிருந்த பாய்லரைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிலக்கரி பாய்லர். கையால் கரி அள்ளிப் போட்டு எரிப்பது. வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் அம்மாள் மன்னிப்புக் கேட்கிற குரலில், பழைய காலத்து வீடு, வேண்டுமானால் ஆயில் பர்னர் வைத்துக்கொள்ளலாம் என்றாள். மயில்சாமி அந்தக் கதவைத் தடவிக்கொண்டே, இதை யாராவது மாற்றுவார்களா என்று அவளையே திருப்பிக் கேட்டான். ஆறு மாத வயிற்றோடு மாடியில் நின்றிருந்த அவன் மனைவி நாகமணி, படுக்கையறையில் துணி வைக்க ஒரு அலமாரிகூட இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வீடு முடிவாகிவிட்டது.

மயில்சாமி அடிப்படையில் பாய்லர்காரன். கோபிச்செட்டிபாளையத்துக்காரன், படித்தது மெக்கானிக்கல், திருச்சியில் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். அவன் பழகிய பாய்லர்கள் அனல்மின் நிலையத்து பாய்லர்கள். பத்து மாடிக் கட்டடத்துக்கு மேல் உயரம், மணிக்கு நூறு டன்னுக்குக் குறையாமல் கரி தின்னும். ஆனால் 1996-ல் அமெரிக்கா அவனைக் கூப்பிட்டது பாய்லருக்காக அல்ல. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று எல்லோரும் பயந்துகிடந்த நேரம் அது. வருஷத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நாலு இலக்கமாக்க ஆள் பஞ்சம். கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியை மூன்று மாதம் படித்துவிட்டு விமானம் ஏறியவர்களில் மயில்சாமியும் ஒருவன். அன்றிலிருந்து நியூ ஜெர்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, வேறு யாரோ இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய புரோகிராமில் தேதி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தான். நீங்கள் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் ஆளா என்று பார்ட்டியில் யாராவது கேட்டால், இப்போதைக்கு என்பான். இரண்டரை வருஷமாக இப்போதைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆகவே அந்த பேஸ்மென்டில் இருந்தது அவனுக்கு வீட்டைச் சூடாக்கும் சாதனம் மட்டும் இல்லை. தான் இன்னும் பாய்லர்காரன்தான் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி. நண்பர்களெல்லாம் எடிசனிலும் ஐஸ்லினிலும் அபார்ட்மென்ட் எடுத்து, சுவரில் இருக்கும் குமிழைத் திருகிக் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணி பிலிப்ஸ்பர்க்கில் போய் வீடு வாங்கியது அதனால்தான். ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா, கரி அங்கிருந்தே லாரியில் வந்து இறங்கும் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். யாரும் பொறாமைப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் மூன்று டன் கரி வந்தது. ஓவியா பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கரியைக் கொட்டிவிட்டுப் போன லாரிக்காரன், மஞ்சள் காகிதத்தில் அச்சடித்த ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தான். எப்படிப் பற்றவைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எட்டே வரி. திருச்சியில் முந்நூறு பக்கத்துக்கு இயக்க முறை எழுதிய கைக்கு எட்டு வரியா என்று மயில்சாமி சிரித்து, அதை வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டான். வாஷிங் மெஷினும் பேஸ்மென்டில்தான் இருந்தது. துணி அலசி முடியும்வரை அங்கே நிற்கவேண்டிய நாகமணிக்குப் படிக்க வேறு எதுவும் இல்லாததால் அவள் அதைப் படித்தாள். பிள்ளைத்துணி தினமும் துவைக்கவேண்டி இருந்ததால் தினமும் படித்தாள்.

முதல் தடவை பற்றவைக்க மூன்று நாள் ஆயிற்று. பென்சில்வேனியாக் கரி ஊர்க் கரி மாதிரி இல்லை. கல் மாதிரி கெட்டி, தொட்டால் கையில் கறைகூட ஒட்டாது, லேசில் தீப்பிடிக்கவும் பிடிக்காது. விறகு போட்டு, அது நன்றாகத் தணலான பிறகு மேலே கொஞ்சம் கரி, அது சிவந்த பிறகு இன்னும் கொஞ்சம் என்று பொறுமையாக ஏற்றவேண்டும். மயில்சாமிக்குக் கரியின் வேதியியல் முழுக்கத் தெரியும், பொறுமைதான் தெரியாது. நெருப்பு மங்கினால் கை தானாகக் கம்பியை எடுத்துக் கிளறப் போகும். இந்தக் கரியோ மேலிருந்து கிளறக் கிளறச் சுணங்கிக்கொண்டே போய்ச் செத்துவிடும். அதைத் தொடவே கூடாது. கீழே இருக்கும் சல்லடையை மட்டும் கைப்பிடியால் அசைத்துச் சாம்பலை உதிர்த்துவிட்டு, மேலே புதுக் கரியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். வேறு வேலையைப் பார்ப்பதுதான் அவனுக்கு வரவில்லை.

ஒரு நாள் சிவந்த தணல் முழுவதையும் புதுக் கரியால் மூடிவிட்டான். முன் பக்கம் கொஞ்சம் தணலைத் திறந்தே விடவேண்டும், அப்போதுதான் கரியிலிருந்து கிளம்பும் வாயு அதில் பட்டு நீலமாக எரியும். மூடிவிட்டால் வாயு உள்ளேயே சேர்ந்து நின்று ஒரேயடியாகப் பற்றும். அது பற்றிய நேரத்தில் பாய்லர்காரன் குனிந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டொப்பென்று ஒரு சத்தம், கதவு திறந்துகொண்டது, முகம் முழுக்கச் சாம்பல். படியேறி வந்தவனைப் பார்த்த நாகமணி, முதலில் கண்ணில் பட்டதா என்று பதறிக் கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்து, தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். தானும் சேர்ந்து சிரித்திருக்கலாம் என்று அவனுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது. அப்போது, இருநூற்றுப் பத்து மெகாவாட் பாய்லரில் இப்படி ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

எப்படியோ நவம்பர் நடுவில் வித்தை கைக்கு வந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை. சாம்பலை உதிர்த்து, கரி போட்டு, நீல ஜுவாலை எழுந்து அடங்கும்வரை நின்று பார்த்தால், அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு வீடு எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் அப்படியே நிற்கும். புகைபோக்கியில் புகை என்று ஒன்று வெளியே தெரியாது. மயில்சாமி ஒரு நோட்டுப் போட்டான். நேரம், வெளி வெப்பம், தண்ணீர் வெப்பம், காற்றின் இழுப்பு, போட்ட கரி, அள்ளிய சாம்பல் எல்லாம் அதில் ஏறின. ஆபீசிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமல் கீழே போவான். சாப்பிட்டதும் போவான். பன்னிரண்டு மணி நேரத்துக்குத் தொடக்கூடாது என்று தெரிந்தும், தொடாமல் எதிரே உட்கார்ந்து அது எரிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். நாகமணியின் அம்மா வருவதற்கு விசா கிடைக்கவில்லை. மேலே அவளும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். சனிக்கிழமைதோறும் விடியும்போது நெருப்பு அணைந்து கிடந்தது.

ஞாயிறிலிருந்து வெள்ளிவரை தங்கமாக எரியும். வெள்ளி மாலை கரி போட்டுவிட்டு வந்தால், சனி காலையில், பாய்லரின் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் ஜில்லிட்டிருக்கும், வீடு ஐம்பத்திரண்டில் நிற்கும், பாய்லருக்குள் பாதி வெந்த கரி கறுப்பாகக் கிடக்கும். எல்லாவற்றையும் வாரிக் கொட்டி, மறுபடி விறகிலிருந்து ஆரம்பித்து வீடு சூடாவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் ஓவியாவின் அறையில் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நாகமணி உள்ளேயே இருப்பாள்.

வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டால், விசேஷம் ஒன்று இருந்தது. பெண் குழந்தை என்பதால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். குளித்ததும் தலைக்குச் சாம்பிராணிப் புகை. நாகமணி ஐஸ்லின் கடையிலிருந்து கம்ப்யூட்டர் சாம்பிராணி ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள். தீக்குச்சி வைத்தால் தானே புகையும் வில்லை அது. மயில்சாமிக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே தணல் கனன்றுகொண்டிருக்கும்போது எவனாவது வில்லை வாங்குவானா, எடிசனில் இருக்கிறவன் செய்யட்டும், அவனுக்கு வேறு வழியில்லை என்றான். பழைய இரும்பு வாணலியும் நீளக் கரண்டியுமாகக் கீழே போனான். அந்தக் கரியின் தணல் கூட்டத்தை விட்டுத் தனியே வந்தால் இரண்டு நிமிஷத்தில் முகம் கறுத்துவிடும். அதனால் ஒரு கரண்டி போதாது. முன் பக்கம் திறந்திருந்த தணலில், இருப்பதிலேயே சிவப்பாக எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும் தோண்டி, ஐந்தாறு கரண்டி அள்ளிக்கொண்டு படியேறி ஓடிவருவான்.

அந்தப் பத்து நிமிஷம் மட்டும் வீட்டில் ஒரு திருவிழா மாதிரி இருக்கும். நாகமணி ஒரு கையால் சாம்பிராணிப் பொடியைத் தூவி, மறு கையால் ஸ்மோக் அலாரத்தின் பக்கம் துண்டை வீசிக்கொண்டிருப்பாள். மயில்சாமி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் குழந்தையின் தலையைத் தாங்கிப் புகைக்கு எட்டத்தில் காட்டுவான். ஓவியா அவனையே கண் கொட்டாமல் பார்ப்பாள். அவளோடு என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியாது. எனவே, கண்ணு, இது ஆயிரத்து நூறு டிகிரி, இதோட சாம்பல் எட்டு பர்சென்ட் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பான். அது முடிந்ததும் சாப்பாடு. தணல் அள்ளும்போதே பாய்லரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருப்பதால், வாரத்தில் அந்த ஒரு ராத்திரி கீழே போகாமல் படுத்துவிடுவான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். மயில்சாமிக்குப் புரியவில்லை. அவன் நோட்டில் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் காற்றழுத்தம் இருந்தது, அடுத்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு டிரையரில் துணி உலர்த்தினார் என்பது இருந்தது, வாணலி இல்லை. நோட்டு பாய்லர் வேலைக்கு உரியது, சாம்பிராணி வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தை எவனாவது லாக்புக்கில் எழுதுவானா.

மூன்றாவது சனிக்கிழமை அவன் சிவராமகிருஷ்ணனுக்குப் போன் போட்டான். திருச்சியில் பக்கத்து மேஜைக்காரன், இவனைப் போலவே இரண்டு இலக்கத்தை நாலாக்க வந்து, இப்போது டெக்சாஸில் பேர்லேண்டில் இருந்தான். டிசம்பரிலும் ஏசி போட்டுக்கொண்டு உட்காரும் ஊர். அங்கிருந்துகொண்டு அவன் நெருப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் ஆலோசனை சொன்னான். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினேழு வருஷ அனுபவம், இரண்டு பேருமாக எத்தனையோ ஆயிரம் மெகாவாட் பார்த்திருக்கிறார்கள். மேல் காற்று அதிகமா, கீழ்க் காற்று குறைவா, புகைக்குழாயில் இருக்கும் தட்டு ஒட்டிக்கொள்கிறதா, வெள்ளிக்கிழமை போடுகிற மூட்டையில் மட்டும் ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். மூட்டையே கிடையாது, எல்லாம் ஒரே குவியல் என்று பத்து நிமிஷம் கழித்துத்தான் மயில்சாமிக்கு நினைவு வந்தது. கடைசியில் சிவராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தி, வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை டு பன்னெண்டு, அந்த நேரத்தில் கதவைத் திறக்கிறாயா என்று விசாரித்தான். அதெல்லாம் நான் நம்புவதில்லை என்று மயில்சாமி கறாராகச் சொன்னான். போனை வைத்ததும் நோட்டில் ஒரு பத்தியை ஒதுக்கி அதையும் எழுதிக்கொண்டான்.

நாலாவது சனிக்கிழமையும் நெருப்பு அணைந்தது. அன்று வெளியே பதினைந்து டிகிரி, தண்ணீர் உறையும் குளிர். ஓவியாவுக்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் போர்வை. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. நாகமணி அவற்றைத் தன் வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். கரி பிடித்த கையோடு படியேறி வந்த மயில்சாமியைப் பார்த்து அவள் கத்தவில்லை. பொள்ளாச்சிக்காரி, கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"ஆயில் கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ணிட்டனுங்க. வர்ற வாரம் முடிஞ்சு திங்கக்கிழமை வந்து பாக்கறானாம். அடுத்த சனிக்கிழமை காலைல ரேடியேட்டர் சூடா இருந்துச்சுன்னா, நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். ஜில்லுன்னு இருந்துச்சுன்னா பாய்லர் போகட்டுங்க."

மயில்சாமிக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க ஆபீசில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தேதியை விட்டுவிட்டு பாய்லரையே நினைத்துக்கொண்டிருந்தான். ஆயில்காரன் வந்தால் அந்த இரும்பை உடைத்துத் துண்டு துண்டாகத்தான் வெளியே கொண்டுபோக முடியும். அப்புறம் கீழே ஒரு பெட்டி, மேலே சுவரில் ஒரு குமிழ். அப்புறம் பார்ட்டியில் யாராவது கேட்டால் மெயின்ஃப்ரேம் ஆள்தான் என்று ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டியதுதான். முப்பத்தெட்டு வயதில் ஒரு பாய்லருக்காக இப்படி வருந்துவது அவனுக்கே கேவலமாக இருந்தது. இருந்தாலும் வருந்தினான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டான். மத்தியானம் ஒன்றரைக்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு பாய்லருக்கு எதிரே உட்கார்ந்தான். புகைக்குழாய்த் தட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கதவிடுக்கில் காகிதத்தைச் சொருகி இழுத்துப் பார்த்தான். ஐந்தரைக்குச் சாம்பலை உதிர்த்தான், கரி போட்டான், முன் பக்கம் ஒரு கை அகலத்துக்குத் தணலைத் திறந்து விட்டான். நீல ஜுவாலை எழும்பி ஒரு சீராக ஆடியது. அவன் வாழ்க்கையில் இதைவிட நன்றாக ஒரு நெருப்பைப் போட்டதில்லை. இன்றைக்கு அணைந்துவிடுவாயா பார்க்கலாம் என்று அதனிடம் வாய்விட்டே சொன்னான்.

ஏழு மணிக்கு மேலே குழந்தை குளித்து அழுது ஓய்ந்த சத்தம் கேட்டது. வழக்கம்போல வாணலியை எடுக்கப் போனான். நாகமணி ஓவியாவின் தலையைத் துவட்டிக்கொண்டே, இன்றைக்குச் சாம்பிராணி வேண்டாம் என்றாள். ஏன் என்றான். தலை காய்ந்துவிட்டது என்றாள். காயவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. டப்பாவில் இருக்கிற வில்லையைக் கொளுத்திக்கொள்ளலாமே என்றாள். வில்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்குச் சுருக்கென்றது. எப்படியும் போகப்போகிற பாய்லர் என்று முடிவே கட்டிவிட்டாயா என்றான். அவள் என்னமோ சொல்லப் போகிறவள் மாதிரி இருந்தாள், பிறகு பவுடரை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். இவன் வீராப்பாகக் கீழே போய், வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகமாகவே அள்ளிக்கொண்டு வந்தான்.

புகை போட்டாயிற்று. ஓவியா அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, ஆயிரத்து நூறு டிகிரியைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டாள். மற்ற வெள்ளிக்கிழமையாக இருந்தால் அடுத்து சாப்பிட உட்கார்ந்திருப்பான். இன்றைக்குக் காவல் என்பதால் கால் மணி நேரத்தில் கீழே இறங்கி, மேல் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தான்.

நீல ஜுவாலையைக் காணோம். முன் பக்கம் அவன் தோண்டிய இடத்தில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் புதுக் கரியும் சாம்பலும் சரிந்து விழுந்து அடைத்துக் கிடந்தன. கீழேயிருந்து வரும் காற்றெல்லாம் அந்தச் செத்த இடத்தின் வழியாகச் சுலபமாக ஏறிப் போய்க்கொண்டிருக்க, மீதித் தணல் காற்றில்லாமல் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று கறுத்தன. அப்போதும்கூட, இங்கே யார் குழி தோண்டினார்கள் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அந்த அளவுக்கு அவனுக்கு அவன் மேல் சந்தேகமே இல்லை. பிறகு நீளக் கரண்டி கண்ணில் பட்டது. அதன் நுனி இன்னும் சூடாக இருந்தது.

மயில்சாமி கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். ஐந்து வெள்ளிக்கிழமை. காற்றழுத்தம், அடுத்த வீட்டு டிரையர், ராகு காலம். பச்சைப் பிள்ளை நாலு சனிக்கிழமை குளிரில் கிடந்தது. வெட்கம் காதுவரை ஏறியது. படிகளை ஒவ்வொன்றாக ஏறி மேலே போனான். நாகமணி குழந்தையைத் தோளில் போட்டு, மெதுவாக நடந்துகொண்டிருந்தாள்.

"நாந்தான்" என்றான்.

எது என்று அவள் கேட்கவில்லை. "ஆமாங்க" என்றாள்.

அவள் தானாகவே சொன்னாள். இரண்டாவது வாரமே தெரியும். லாரிக்காரன் கொடுத்த மஞ்சள் காகிதத்தில் ஆறாவது வரியிலேயே இருக்கிறது, எரிகிற கரியைத் தோண்டாதே, வெளியே எடுக்காதே என்று. துணி துவைக்கப் போகும்போதெல்லாம் படித்ததில் அவளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டிருந்தது.

"அப்ப ஏன் புள்ள சொல்லல?"

"சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமையும் மேல வந்திருக்க மாட்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். வாரம் பூராவும் அவன் அந்தக் கதவு முன்னால் உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை அந்தப் பத்து நிமிஷம்தான் அவன் பிள்ளையைக் கையில் வைத்திருந்தான். பிள்ளையும் வேறு எப்போதும் அப்படிப் பார்ப்பதில்லை. சரி, நெருப்பு அணைந்தால் அணையட்டும், ஹீட்டர் இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அப்புறம் போன வாரம் பிள்ளையின் கை ஜில்லிட்டுப் போனதைப் பார்த்ததும், பத்து நிமிஷத்துக்காக இதையும் சகித்துக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது. ஆயில் வந்துவிட்டால் கீழே அவனுக்கு வேலையே இருக்காது, அதற்கப்புறமாவது மேலே வருவான் என்று தோன்றியது. இன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவன் வாளியில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்தான் சாம்பிராணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"இப்பப் போனீங்கன்னா அதைக் காப்பாத்திரலாமில்லீங்க?"

"அரை மணி நேரம் ஆகும்."

"போங்க. காலைல சூடா இருந்துச்சுன்னா நான் சொன்ன பேச்சு மாற மாட்டேன்."

மயில்சாமி பேஸ்மென்ட் கதவுவரை போனான். என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். செத்த கரியை முன்னால் இழுத்துவிட்டு, காய்ந்த விறகு நாலு துண்டு சொருகி, கீழ்க் கதவைத் திறந்து வைத்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டு படி இறங்கியும் விட்டான். அந்த நெருப்பில் எந்த மூலை எவ்வளவு சிவந்திருக்கும் என்று கதவைத் திறக்காமலேயே அவனால் சொல்ல முடியும். தன் பெண் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள் என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. அது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை, ஆனாலும் அவன் மூன்றாவது படியில் கால் வைக்கவில்லை. திரும்பி வந்து, சமையலறைக் குழாயில் முழங்கைவரை கை கழுவி, துடைத்து, குழந்தைக்காகக் கையை நீட்டினான்.

தூங்கப் போகும் பாவனையில் இருந்த ஓவியா, அவன் கைக்கு மாறியதும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வீறிட்டாள். புகையும் இல்லை, வேடிக்கையும் இல்லை, இந்த ஆளோடு எனக்கென்ன வேலை என்பது போல அழுதாள். அவன் ஆயிரத்து நூறு டிகிரியைச் சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. ஒன்பது வருஷ அனுபவம் எதற்கும் உதவாமல், குழந்தை கையில் கிடந்து நெளிந்தது. எட்டு வரிக் குறிப்பைப் படிக்க மறுத்தவன், வெட்கத்தை விட்டு நாகமணியைப் பார்த்து, என்ன பண்ணணும், சொல்லு என்றான். அவள் பக்கத்தில் வந்து அவன் முழங்கையை மடக்கி, குழந்தையின் கழுத்து எங்கே படவேண்டும் என்று காட்டினாள். கீழே அந்த அரை மணி நேரம் கடந்து போயிற்று. அதற்குப் பிறகு இன்னொரு அரை மணி நேரம் கழித்துத்தான் ஓவியா அடங்கினாள். அவள் இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்கினாள்.

சனிக்கிழமை காலையில் ரேடியேட்டர்கள் ஜில்லிட்டிருந்தன. மயில்சாமி மறுபடி நெருப்பை மூட்டினான், ஆயில் வரும்வரை வீடு சூடாக இருக்கவேண்டுமே. அது ஞாயிறும் திங்களும் குற்றம் சொல்ல இடமில்லாமல் எரிந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆயில் கம்பெனி ஆள் வந்து மணியடித்தபோது கதவைத் திறந்தது ஆபீசுக்கு லீவு போட்டிருந்த மயில்சாமிதான். தோளில் குழந்தை, தோளெல்லாம் அவள் கக்கிய பால். பாய்லர் எங்கே என்று அந்த ஆள் கேட்டான். கீழே இருக்கிறது, படி அந்தப் பக்கம், போய்ப் பாருங்கள் என்றான். கூட வருவான் என்று நினைத்து அந்த ஆள் ஒரு நிமிஷம் நின்றான். குழந்தை அப்போதுதான் கண் அசந்திருந்ததால் மயில்சாமி அசையவில்லை. கீழே இரும்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டபோது அவனுக்கு வலிக்கத்தான் செய்தது. அவன் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அந்த ஆள் மேலே வந்து கையைத் துடைத்தபடி, நாற்பது வருஷ பாய்லர், ஒரு விரிசல் இல்லை, இவ்வளவு சுத்தமாக எரிகிற கரி நெருப்பை நான் பார்த்ததே இல்லை, இதை எதற்கு எடுக்கிறீர்கள், என்ன கோளாறு என்று கேட்டான். திருச்சியில் ஒன்பது வருஷமாக வாடிக்கையாளர் புகார்களுக்கெல்லாம் மயில்சாமி திரும்பத் திரும்ப எழுதி அனுப்பிய பதில் ஒன்று இருந்தது. குழந்தை விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி அதையே சொன்னான்.

"பாய்லரில் ஒரு குறையும் இல்லை. ஆப்பரேட்டர்தான் சரியில்லை."